முதல் காரை வாங்கும் முன் தரையில் படுத்துப் பாருங்கள்

போன வாரம் தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தம்பி பட்டறைக்கு வண்டியோடு வந்தான். முதல் கார், வாங்கி மூன்று நாள்தான் ஆகிறது. அம்மாவின் நகையை அடகு வைத்ததும் அவன் சீட்டு எடுத்ததும் சேர்ந்த பணம். "பிரேக் கொஞ்சம் ஆழமாப் போகுதுண்ணே, என்னான்னு பாருங்க" என்றான். ஜாக்கி வைத்துத் தூக்கியதும் எனக்குப் பேச்சு வரவில்லை. இருபது வருடத்துக்கு முன் நான் வாங்கி ஏமாந்த அதே வண்டி, நிறம்தான் வேறு.

மண்டபம் பக்கம் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறேன். ஓட்டிப் பாருங்கள், மைலேஜ் கேளுங்கள், விலையை அடித்துப் பேசுங்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்லுவார்கள், அதை விட்டுவிடுகிறேன். முதல் காராகப் பழைய வண்டி எடுப்பவர்கள் செய்கிற தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

அடியில் பூசிய கறுப்பை நம்புவது

என் முதல் கார் ஒரு பழைய வெள்ளை வண்டி. அப்போது எனக்கு எஞ்சின் வேலை மட்டும்தான் தெரியும். எஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டேன், புகை பார்த்தேன், ஆயில் பார்த்தேன், எல்லாம் சுத்தம். குனிந்து எட்டிப் பார்த்தபோது அடிப்பக்கம் முழுக்கப் பளபளவென்று புதுக் கறுப்புப் பூச்சு. வண்டியை நன்றாக வைத்திருந்திருக்கிறார் என்று நினைத்து, கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஐப்பசியில் முதல் மழை. பின்சீட்டிலிருந்து என் மகள் "அப்பா, கால் நனையுது" என்றாள். மிதியடியைத் தூக்கினேன், அதற்குக் கீழே ஊறிப்போன பஞ்சு, அதையும் தூக்கினால் ரோடு தெரிந்தது. குழந்தை கால் வைத்திருந்த இடம் அது. தகடு வெட்டிப் புதிதாக வெல்டிங், இரண்டு பக்கமும் கதவுக்குக் கீழே ஓடும் படி, பிரேக் பைப் என்று வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்கு போனது.

எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் அந்தப் பூச்சின் மேல்தான். புது வண்டியில், சுத்தமான தகட்டின் மேல் அடிக்கும் கோட்டிங் நல்லது, நானே அடித்துக் கொடுக்கிறேன். ஆனால் துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே பூசினால் ஈரமும் உப்பும் உள்ளே அடைபட்டு, வெளியே கறுப்பு மினுங்க உள்ளே தகடு அரித்துக்கொண்டே போகும். விற்பதற்கு ஒரு வாரம் முன் இப்படிப் பூசுகிறவர் உங்களுக்கு வண்டியை விற்கவில்லை, ஓட்டையை விற்கிறார்.

நம் பக்கம் இது ஏன் இவ்வளவு வேகம் என்றால், உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழையே இல்லாத சித்திரையிலும் உப்புப் படிந்த தகடு ஈரமாகத்தான் இருக்கும். ஆடிக் கச்சான் காற்றில் தனுஷ்கோடி ரோட்டில் மணலும் கடல் திவலையும் சேர்ந்து அடிக்கும், 2017இல் அரிச்சல்முனை வரை ரோடு போட்ட பிறகு கார்களும் அங்கே நிறையப் போகின்றன. அப்புறம் மீன் பெட்டி. டிக்கியில் ஐஸ் போட்டு ஏற்றினால் கரைந்த தண்ணீர் நேரே ஸ்டெப்னி குழியில்தான் இறங்கும். வாசனைத் திரவம் அடித்து நாற்றத்தை மறைத்துவிடலாம், குழியில் விழுந்த துருவை மறைக்க முடியாது.

அதனால் ஒரு சாக்கு, டார்ச், ஸ்க்ரூடிரைவர் மூன்றையும் எடுத்துக்கொண்டு பகலில் போங்கள். உரிமையாளரிடம் கேட்டுவிட்டு ஸ்டெப்னியை வெளியே எடுங்கள், மிதியடிகளைத் தூக்கி உள்ளே கையால் அழுத்துங்கள். பிறகு சாக்கை விரித்துப் படுத்து, கதவுக்குக் கீழே ஓடும் படியையும் ஜாக்கி வைக்கும் இடங்களையும் ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும், அரித்த தகட்டில் சத்தம் அமுங்கும், சில இடத்தில் செதில் உதிரும். பிரேக் பைப்பில் பொருக்கு இருக்கிறதா பாருங்கள். கடைசியாக நான்கு இடத்திலும் ஜாக்கி வைத்துத் தூக்கச் சொல்லுங்கள். வண்டி எழும்பாமல் ஜாக்கி தகட்டுக்குள் ஏறினால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். தூக்கவே விடமாட்டேன் என்றாலும் அப்படித்தான்.

என்னைக் கேட்டால், மதுரை, விருதுநகர் பக்கம் ஓடிய வண்டியின் எஞ்சின் கொஞ்சம் தேய்ந்திருந்தாலும் அதையே எடுப்பேன். எஞ்சினைப் பிரித்துச் செய்யலாம், உடம்பு போன வண்டியை எத்தனை நாள் ஒட்டுப் போடுவது? ஆனால் நம்பர் பிளேட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். டிஎன் 65 என்றால் ராமநாதபுரத்தில் பதிவானது, அவ்வளவுதான். பரமக்குடியில் ஓடியிருக்கலாம், பாம்பனில் கடலைப் பார்த்தும் நின்றிருக்கலாம். எந்த ஊரில், எந்தத் தெருவில் நின்றது என்று கேளுங்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2015 சென்னை, 2023 டிசம்பர் தூத்துக்குடி. சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுங்கள், கடைசி முழத்தில் சேற்றுக் கறை இருந்தால் வேண்டாம்.

ராத்திரியில் வண்டி பார்ப்பது

கூடாது.

டயர் தேதி

பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் செய்தது. தரையைத் தொடும் பட்டன் தேயாமல் நன்றாக இருந்தாலும் ரப்பர் கிழடாகியிருக்கும்.

காகிதம்

ஆர்சியில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், கடன் கொடுத்த வங்கியின் பெயர் இருந்தால், "கடன் முடிஞ்சிருச்சு" என்ற வாய்ப்பேச்சு போதாது. வங்கியின் என்ஓசியும் (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்), கடன் பதிவை நீக்கக் கையெழுத்திட்ட படிவம் 35உம் கைக்கு வரும்வரை முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் நாளைக்கு வண்டி அடிபட்டு நீங்கள் போய் நிற்கும்போது, பாலிசி உங்கள் பெயரில் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடலாம். புது வண்டி எடுப்பவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள்: 2018 செப்டம்பரில் வந்த விதிப்படி மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்ட வேண்டியது மூன்றாம் நபர் இன்சூரன்ஸ், அதாவது உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கானது மட்டும்தான். உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கான பாதுகாப்பு பெரும்பாலும் ஒரு வருடத்தில் முடிந்துவிடும். அதைப் புதுப்பிக்காமல் ஓட்டிக்கொண்டிருப்பவர்களை நிறையப் பார்க்கிறேன்.

போர் தண்ணீரில் கழுவுவது

வாங்கிய பிறகு செய்கிற தவறு இது. தினமும் கழுவுகிறேன் என்பார்கள், நம் ஊரில் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு. காய்ந்ததும் கண்ணாடியில் வெள்ளைப் பொட்டு நிற்கும், அதே உப்பு அடியிலும் நிற்கும். அந்தத் தம்பியிடம் இதைச் சொன்னபோது, "குடிக்கிறதுக்கே குடம் வச்சுக் காத்துக் கிடக்கோம், நல்ல தண்ணியில காரைக் கழுவச் சொல்றீங்களே அண்ணே" என்றான். நியாயம்தான். மேலே ஈரத்துணி போதும். நல்ல தண்ணீர் ஒரு வாளி கிடைத்தால் அதைச் சக்கர வளைவுக்கும் படிக்கு அடியிலும் மட்டும் ஊற்றுங்கள். மழைக்காலத்தில் கூரைத் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து வைத்தால் வாரம் ஒரு தடவைக்கு ஆகும்.