கவுன்சிலில வாயால சொல்லிப்போட்டு வராதேங்கோ, எழுதிக் குடுங்கோ: றோட்டுக் குப்பைக்கும் வீடில்லாத நிலைக்கும்

இது இங்கிலாந்தில இருக்கிற எங்கட ஆக்களுக்கு எழுதுறன், ஸ்கொட்லாந்து, வேல்ஸ் சட்டம் வேற. ரெண்டு விசயத்தையும் ஏன் ஒண்டா எழுதுறன் எண்டால், எங்கட பின்லேனில ஒருநாள் விடியப் பாத்தா மெத்தை, கட்டில், சமையல் சாமான், பிள்ளையளின்ர ஸ்கூல் பாக் எல்லாம் மழையில நனைஞ்சு கிடக்கு, ஆரோ வானில கொண்டுவந்து கொட்டிப்போட்டாங்கள் எண்டு நினைச்சு கவுன்சிலுக்கு றிப்போட் பண்ணினன், ரெண்டு நாளில வந்து எல்லாத்தையும் நசுக்கி அள்ளிக்கொண்டு போட்டினம். பிறகுதான் தெரிஞ்சது நாலு வீடு தள்ளி மேல்மாடியில வாடகைக்கு இருந்த ஒரு தாயும் ரெண்டு பிள்ளையளும் முதல்நாள் பின்னேரம் வீட்டால எழுப்பப்பட்டு, வீட்டுக்காரர் அவையின்ர சாமானைத்தான் வெளிய எறிஞ்சிருக்கிறார் எண்டு. அண்டைக்கு எனக்கு ஒரு சட்டமும் தெரியாது. அந்தத் தாய்க்கும் தெரியாது. அதுக்குப் பிறகு தேடிப் படிச்சதும், கன பேரோட ஹவுசிங் ஒபிசுக்குப் போய் இருந்து பாத்ததும்தான் இது.

முதல்ல உங்கட கவுன்சில் எது எண்டு சரியாத் தெரிஞ்சு வையுங்கோ. ஈஸ்ட்ஹாம் எண்டால் நியூஹாம், வெம்பிளி எண்டால் பிரென்ட், டூட்டிங் எண்டால் வான்ஸ்வேத், ஆனா எல்லையில இருக்கிற றோட்டுகளில இந்தப் பக்கம் ஒரு கவுன்சில் அந்தப் பக்கம் இன்னொண்டு, பிழையான இடத்துக்கு அனுப்பினா ஒரு கிழமை சும்மா போயிடும். அரசாங்க வெப்சைட்டில போஸ்ட்கோட் போட்டா காட்டும். லண்டனுக்கு வெளிய சில இடங்களில கவுன்ரி, டிஸ்ரிக்ட் எண்டு ரெண்டு கவுன்சில் இருக்கும், கொட்டின குப்பையை அள்ளுறதும் வீடில்லாத ஆக்களைப் பாக்கிறதும் டிஸ்ரிக்ட், நாங்கள் பழைய சாமான் கொண்டுபோய்ப் போடுற டிப் மட்டும் கவுன்ரியின்ர பொறுப்பு.

இப்ப குப்பை. 2023/24 இல மட்டும் இங்கிலாந்தில கவுன்சில்களுக்கு வந்த கணக்கு 11 லட்சத்து 50 ஆயிரம் சம்பவம், அதில 60 வீதம் வீட்டுக் குப்பை, அதால "குப்பை கிடக்கு வந்து அள்ளுங்கோ" எண்டு மட்டும் எழுதினா அது வரிசையில எங்கயோ போய் நிக்கும். கவுன்சில் வெப்சைட்டில இருக்கிற போர்மில (இல்லாட்டி பிக்ஸ்மைஸ்ட்ரீட் எண்ட வெப்சைட்டில) எந்த வீட்டு நம்பருக்கு முன்னால, றோட்டோ நடைபாதையோ லேனோ, எத்தினை மெத்தை எத்தினை பாக், எப்ப முதல் கண்டனீங்கள் எண்டு எழுதுங்கோ, தூரத்தில நிண்டு ஒரு படம், கிட்ட ஒரு படம். வான் கண்டிருந்தா நம்பர் பிளேட், நிறம், பக்கத்தில எழுதியிருக்கிற பேர், நேரம். கொட்டிக்கொண்டிருக்கேக்க போய்ச் சண்டை பிடிக்க வேண்டாம், உள்ளுக்குள்ள நிண்டு பாத்து எழுதினாக் காணும். பாக்கைக் கிண்டி விலாசம் தேடவும் வேண்டாம், ஊசி இருக்கலாம், கட்டிட உடைசல் எண்டால் அஸ்பெஸ்டோஸ் இருக்கலாம், ஆதாரம் எடுக்கிறது கவுன்சிலின்ர என்ஃபோர்ஸ்மென்ட் ஆக்களின்ர வேலை. கடைசியா ஒரு றெபரன்ஸ் நம்பர் வரும், அதை வைச்சிருங்கோ, திரும்ப எடுத்துக் கேக்கேக்க அந்த நம்பர் இல்லாட்டி முதலிலயிருந்து துவங்குவினம்.

ஒரு விசயத்தில கன பேர் ஏமாறுறது, தனியார் காணி. வீடுகளுக்குப் பின்னால போற லேன் கன இடங்களில தனியாருக்குச் சொந்தம், அதில கொட்டினதை அள்ளுறது காணிக்காரரின்ர செலவு, கவுன்சில் தானா வந்து அள்ளாது. ஆனா விசாரிக்கலாம், காணிக்காரருக்கு அள்ளச்சொல்லி நோட்டீஸ் குடுக்கலாம், அதால "அது எங்கட காணி இல்லை" எண்டு பதில் வந்தா அதோட விடாமல் "சரி, ஆருக்கு நோட்டீஸ் குடுக்கப் போறீங்கள்" எண்டு எழுத்தில கேளுங்கோ. லொறிக் கணக்கில, அல்லது கெமிக்கல் டிரம் மாதிரிக் கொட்டியிருந்தா சுற்றாடலைப் பாக்கிற அரசாங்க அமைப்பான என்வயர்மென்ட் ஏஜென்சியின்ர 0800 80 70 60 க்கு எடுக்கவேணும்.

கொட்டினவனுக்கு என்ன நடக்கும்? 1990 ஆம் ஆண்டு என்வயர்மென்டல் புரொடெக்ஷன் சட்டத்தின்படி கோர்ட்டுக்குப் போனா எல்லையில்லாத அபராதம், 5 வருசம் வரைக்கும் சிறை. கோர்ட்டுக்குப் போகாமல் கவுன்சிலே குடுக்கிற அபராதம் 2023 ஜூலையிலயிருந்து 1000 பவுண் வரைக்கும் போகலாம்.

ஆனா அதே சட்டம் எங்களையும் பிடிக்கும், இதைத்தான் வயசான ஆக்களுக்கு விளங்கப்படுத்தவேணும். ஃபேஸ்புக்கில "40 பவுணுக்கு சோபா எடுப்பம்" எண்டு போட்டிருக்கிற வான்காரனைக் கூப்பிட்டுக் குடுக்கிறம், அவன் அடுத்த றோட்டில எறிஞ்சிட்டுப் போறான், உள்ளுக்க எங்கட பேரோட ஒரு கடிதம் கிடந்தா அபராதம் எங்களுக்கு, 600 பவுண் வரைக்கும். குடுக்க முதல் வேஸ்ட் கேரியர் நம்பர் (குப்பை ஏத்துற ஆக்களின்ர பதிவு நம்பர்) கேளுங்கோ, பெரும்பாலும் சீ-பீ-டீ-யூ எண்டு துவங்கும், என்வயர்மென்ட் ஏஜென்சியின்ர பதிவில தேடிப் பாக்கக் காசில்லை, பாத்த பக்கத்தைப் படமெடுத்து வையுங்கோ, காசு குடுத்ததுக்கு ரசீதோ ஒரு மெசேஜோ வாங்குங்கோ. கவுன்சிலின்ர பெரிய சாமான் எடுக்கிற சேர்விசுக்குக் காசு எடுப்பினம்தான், ஆனா பெனிபிட்டில இருக்கிற ஆக்களுக்குச் சில கவுன்சில் குறைச்சு எடுக்கும், கேட்டுப் பாருங்கோ.

இனி வீடு. இதுக்குத்தான் கூட நேரம் எடுத்து எழுதுறன், ஏனெண்டால் குப்பை ஒரு கிழமை கிடந்தா நாத்தம், ஒரு குடும்பம் ஒரு கிழமை வீடில்லாமல் நிண்டா அது பிள்ளையளின்ர வாழ்க்கை. இங்கிலாந்தில 2024 இல 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேல குடும்பங்கள் தற்காலிக இடத்தில இருந்தவை, அதால கவுன்சிலுக்கும் நெருக்கடி இருக்குத்தான், ஆனா கவுண்டரில வைச்சுத் திருப்பி அனுப்பிறதுக்கு அது காரணமில்லை.

எப்ப போகவேணும்? 56 நாளுக்குள்ள வீடு போகும் எண்ட நிலை வந்த உடன. 2018 ஏப்ரலில நடைமுறைக்கு வந்த ஹோம்லெஸ்னெஸ் றிடக்ஷன் சட்டம் அதைத்தான் சொல்லுது, அந்த 56 நாளுக்குள்ள வீட்டைக் காப்பாத்த உதவிசெய்யிறது கவுன்சிலின்ர கடமை, வீடு போனபிறகும் இன்னொரு 56 நாள் வேற வீடு எடுக்க உதவவேணும், உங்களுக்கெண்டு ஒரு பிளானும் எழுத்தில தரவேணும். "பெய்லிப் (கோர்ட் ஓர்டரோட எழுப்ப வாற ஆள்) வாறவரைக்கும் இருங்கோ, பிறகு வாங்கோ" எண்டு சொல்லி அனுப்பினா ஏற்றுக்கொண்டு போகாதேங்கோ, அப்பிடி அனுப்பக்கூடாது எண்டு அரசாங்கத்தின்ர வழிகாட்டியிலயே இருக்கு. அதேநேரம் பயத்தில நீங்களா வீட்டுத் திறப்பைக் குடுத்திட்டு வெளிக்கிடவும் வேண்டாம், தானா விட்டிட்டு வந்தவை எண்டு முடிவெடுத்தா நிரந்தர உதவி இல்லாமல் போகலாம். 2026 மே 1 இலயிருந்து தனியார் வாடகை வீடுகளில காரணம் சொல்லாமல் எழுப்புற செக்ஷன் 21 நோட்டீஸ் இல்லை, அதால கையில ஒரு கடிதம் வந்தா அது செல்லுமோ எண்டு முதல்ல காட்டிக் கேளுங்கோ, வீட்டுப் பிரச்சினைக்கு உதவுற ஷெல்டர் எண்ட தொண்டு நிறுவனத்தின்ர 0808 800 4444 க்கு எடுத்தா காசில்லாமல் சொல்லுவினம்.

வீட்டுக்காரரோட ஒரே குசினி பாவிச்சு அறையில இருக்கிறவைக்கு இந்தப் பாதுகாப்பு நல்லாக் குறைவு, கோர்ட் இல்லாமலே எழுப்பலாம். ஆனா கவுன்சிலிட்ட அவையும் கேக்கலாம், அது ஒருத்தருக்கும் தெரியிறதில்லை.

ஈமெயிலில எழுதவேண்டியது சின்னது. பேர், இருக்கிற விலாசம், ஆரார் கூட இருக்கினம், எந்தத் திகதி வெளிய போகவேணும், "ஹவுசிங் அக்ட் 1996 பாட் 7 இன்படி ஹோம்லெஸ் அப்ளிகேஷன் செய்யிறன்" எண்ட ஒரு வரி, நோட்டீசின்ர படம், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேணும் எண்டால் அதுவும். பிள்ளையை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ, தகப்பன் அடிச்ச கதையை பத்து வயசுப் பிள்ளை இங்கிலிஷில சொல்லுறதை நான் பக்கத்தில இருந்து கேட்டிருக்கிறன், அது வேண்டாம்.

முன்னுரிமை ஆருக்கு எண்டால், கர்ப்பிணி, பிள்ளையளோட இருக்கிறவை, 16, 17 வயசுப் பெடி பெட்டையள், கவுன்சில் பராமரிப்பில வளந்து இன்னும் 21 ஆகாதவை, வீட்டு வன்முறையால வெளிக்கிட்டவை, தீ, வெள்ளத்தில வீடு போனவை, இதோட வயசு, மனநோய், உடல் இயலாமை மாதிரிக் காரணங்களால "வல்னரபிள்" ஆனவை. இந்தக் கடைசிச் சொல்லிலதான் கன அப்ளிகேஷன் விழுகிறது. வருத்தம் இருக்கு எண்டு சொன்னாக் காணாது, வீடில்லாமல் போனா மற்ற சாதாரண ஆளை விட உங்களுக்குக் கூடப் பாதிப்பு வரும் எண்டு காட்டவேணும், அதால ஜீபீயிட்ட "இவருக்கு டயபிட்டிஸ் இருக்கு" எண்டு கடிதம் வாங்காமல், இன்சுலினைக் குளிர்ல வைக்க இடமில்லாட்டி என்ன நடக்கும், ராத்திரி ஆர் பாக்கிறது, நித்திரைக் குளிசை இல்லாமல் என்ன செய்வார் எண்டு எழுதிக் கேளுங்கோ. போரால வந்த மனக் காயத்தை எங்கட ஆக்கள் வெளிய சொல்லமாட்டினம், இங்க சொல்லவேணும். இண்டைக்கு ராத்திரிக்கே இடமில்லாட்டி, முன்னுரிமை இருக்கலாம் எண்டு நம்பக் காரணம் இருந்தாலே காணும், விசாரணை முடிய முதலே கவுன்சில் தற்காலிக இடம் தரவேணும், எல்லாப் பேப்பரும் கொண்டுவந்தாத்தான் எண்டு சொல்லேலாது.

தாற இடம் சரியில்லாட்டி உடன மறுக்காதேங்கோ, அப்பிடி மறுத்து உதவியையே இழந்த ஆக்கள் இருக்கினம், முதல் ஷெல்டரிட்ட கேளுங்கோ, கன சந்தர்ப்பத்தில ஏற்றுக்கொண்டு றிவியூ (முடிவைத் திரும்பப் பாக்கச் சொல்லி) கேக்கலாம், முடிவுக் கடிதம் வந்து 21 நாளுக்குள்ள. பிள்ளையளோட இருக்கிற குடும்பத்தையோ கர்ப்பிணியையோ தனியார் பி அண்ட் பி (சின்ன விடுதி) இல 6 கிழமைக்கு மேல வைக்கேலாது, திகதியைக் கலண்டரில குறிச்சு வைச்சு ஏழாவது கிழமை துவங்கிற அண்டைக்கே எழுதுங்கோ. விசாவில பப்ளிக் ஃபண்ட்ஸ் (அரசாங்க உதவி) இல்லை எண்டு போட்டிருந்தா ஹவுசிங் உதவி பெரும்பாலும் கிடைக்காது, ஆனா பிள்ளையள் இருந்தா அதே கவுன்சிலின்ர சோசல் சேர்விசிட்ட சில்ட்ரன் அக்ட் 1989 செக்ஷன் 17 இன்படி கேக்கலாம்.

பதிலே வராட்டி கவுன்சிலின்ர கம்ப்ளெயின்ட் வழியில போங்கோ, அதுவும் முடிஞ்சா கவுன்சிலுக்கு எதிரான முறைப்பாட்டை விசாரிக்கிற லோக்கல் கவர்ன்மென்ட் அண்ட் சோசல் கேர் ஒம்பட்ஸ்மன், காசில்லை, 12 மாசத்துக்குள்ள போகவேணும். வார்ட் கவுன்சிலருக்கும் ஒரு கொப்பி போடுங்கோ, குப்பைக்கு இது நல்லா வேலை செய்யும். பின் வைக்கிற கொட்டிலுக்குள்ள ஆரும் படுத்திருந்தா அதைக் குப்பைப் போர்மில போடாதேங்கோ, தயவுசெய்து, அதுக்கு ஸ்ட்ரீட்லிங்க் எண்ட சேர்விஸ் இருக்கு, எந்த இடம், எந்த நேரம் எண்டு அதில போட்டா உதவுற ஆக்கள் தேடி வருவினம்.

அந்தத் தாயின்ர விசயத்துக்கு வாறன். கோர்ட் ஓர்டர் இல்லாமல் பூட்டை மாத்தி வெளிய தள்ளுறது 1977 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம், பொலிசுக்கு எடுத்தா "இது சிவில் விசயம்" எண்டு சொன்னாலும் விடாமல் இன்சிடென்ட் நம்பர் வாங்குங்கோ, கவுன்சிலுக்கு வழக்குப் போட அதிகாரம் இருக்கு. அதோட ஹவுசிங் அக்டில செக்ஷன் 211 எண்டு ஒண்டு இருக்கு, கவுன்சில் கடமைப்பட்டிருக்கிற ஆளின்ர சாமான் பழுதாப் போகும், களவு போகும் எண்ட நிலையில, வைக்க வேற இடமும் இல்லாட்டி, அதைக் காப்பாத்திறதும் கவுன்சிலின்ர கடமை, ஸ்ரோறேஜுக்கு அளவான ஒரு காசு கேப்பினம். கேக்காட்டி தாங்களா வந்து சொல்லமாட்டினம். அதால ஹோம்லெஸ் ஈமெயில் எழுதேக்க சாமானின்ர லிஸ்டும் படமும் போட்டு "செக்ஷன் 211 இன்படி என்ர சாமானையும் பாதுகாக்கவேணும்" எண்டு கடைசியில சேர்த்து விடுங்கோ. லேனில மெத்தையோட ஸ்கூல் பாக்கும் கிடக்கிறதைக் கண்டா, போர்ம் நிரப்ப முதல் பக்கத்து வீடுகளில ஒருக்காக் கதவைத் தட்டிக் கேளுங்கோ, அது ஆரின்ரயோ எண்டு.