'கன்னிங்' என்ற சொல்லில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலத்தில் எழுதப் பழகுவோரின் கட்டுரைகளையும் கடிதங்களையும் திருத்தும்போது, ஒரு காலத்தில் நான் எழுதிய அதே பிழைகள் 'கன்னிங்' (cunning) என்ற சொல்லைச் சுற்றி மீண்டும் மீண்டும் தென்படுகின்றன. எழுத்துப் பிழைகளை அகராதியே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

பாராட்டாக எழுதுவது

சாமர்த்தியம், சாதுரியம், சமயோசிதம், தந்திரம் ஆகிய அனைத்தையும் இந்த ஒரே சொல்லால் பெயர்ப்பதுதான் எனக்கு இன்றும் எரிச்சலூட்டும் தவறு. சிறுவர் கதைகளின் தந்திரக்கார நரிக்கு இச்சொல் பொருந்துவதைப் பார்த்துப் பழகியவர்கள், கூர்மதி படைத்த எவருக்கும் அதைச் சூட்டிவிடுகிறார்கள். ஆனால் ஒரு மனிதரை அப்படிச் சொன்னால், தம் நோக்கத்தை மறைத்து, பிறரை ஏமாற்றியேனும் காரியத்தைச் சாதித்துக்கொள்பவர் என்றே படிப்பவர் பெரும்பாலும் புரிந்துகொள்வார். பேரம் பேசுவதில் வல்லவரான ஓர் இளைஞரை அவருடைய மேலாளர் மனமாரப் புகழ்வதாக எண்ணி, பரிந்துரைக் கடிதத்தில் இச்சொல்லால் வருணித்திருந்தார். அனுப்பும் முன் கடிதம் என்னிடம் வந்ததால் மாற்ற முடிந்தது, இல்லையென்றால் தாம் நம்பத்தகாதவர் என்ற சான்றிதழை அந்த இளைஞரே கொண்டுபோய்க் கொடுத்திருப்பார். பொதுவான அறிவுக்கூர்மைக்கு 'க்ளெவர்' போதும். அனுபவத்தால் வாய்த்த கணிப்புத் திறனுக்கு 'ஷ்ரூட்', நிலைமையை நுட்பமாக எடைபோடுவதற்கு 'அஸ்ட்யூட்' என்பவை உள்ளன. திட்டம், கருவி, பொறி போன்றவற்றுக்கு அடைமொழியாக வரும்போது மட்டும் 'கன்னிங்' என்பதில் மெச்சுதலும் கலந்திருக்கலாம்.

வினைச்சொல் என்று கருதுவது

'இங்' என்று முடிவதால் அது வினையாகிவிடாது.

'நெஸ்' சேர்ப்பது

பெயர்ச்சொல்லாக்கும் அந்த விகுதி (-ness) இங்கே தேவையில்லை, பெயராகவும் பெயரடையாகவும் இச்சொல்லே நிற்கும்.

பழைய நூல்களில் இன்றைய பொருளைக் காண்பது

அறிதலைக் குறித்த பழைய ஆங்கில வினையோடு தொடர்புடைய இச்சொல்லுக்கு முன்பு அறிவு, கைத்திறன் என்பவையே பொருள். 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்தில், 137ஆம் சங்கீதத்தில், வலது கை மறக்கட்டும் என்று சொல்லப்படுவது இந்தக் 'கன்னிங்'கைத்தான். தமிழ் விவிலியத்தில் அதே இடத்தில் 'தொழில்' என்று இருக்கிறது. குறள் 671இல் ஆராய்ந்து எண்ணுதலைக் குறித்த 'சூழ்ச்சி' பின்னாளில் சதியைக் குறிக்கலானதை அறிந்தவருக்கு இந்த மாற்றம் எளிதில் விளங்கும். எனவே அக்கால உரைநடையில் ஒரு கைவினைஞருக்கு இந்த அடைமொழி வந்தால், தேர்ந்தவர் என்றே பெயர்க்க வேண்டும்.