மாடித் தோட்டத்துப் பூவுக்கு யார் வருகிறார்கள்? எண்ணிப் பார்க்கும் முறை

பாகல் கொடி நிறையப் பூத்தும் பிஞ்சு வெம்பி விழுகிறது என்றால் நம்மில் பலர் உடனே உரக்கடைக்கு ஓடுவோம். அதற்கு முன்னால், பூவுக்குத் தேனீ வந்து போகிறதா என்று எண்ணிப் பாருங்கள். ஒரு நோட்டு, பென்சில், நேரம் பார்க்க போன், இவ்வளவுதான் தேவை.

முதலில் நேரம். இதைச் செடிதான் முடிவு செய்யும். பாகல், பூசணிப் பூக்கள் காலையில் விரியும். பூசணி முற்பகலிலேயே சுருங்கிவிடும். சுரையும் பீர்க்கும் சாயங்காலம் மலர்பவை. அதனால் சுரைப்பூவைக் காலையில் பார்த்துவிட்டு ‘ஒரு பூச்சியும் இல்லை’ என்று எழுதினால் அது கணக்கே இல்லை. அந்திப்பூச்சி வரும் நேரத்தில் பார்க்க வேண்டும். பாகலுக்கு ஏழு மணி வாக்கில் உட்காருங்கள். வெயில் ஏறி, கடற்காற்று வீசத் தொடங்கினால் மொட்டைமாடியில் கொடி ஆடும், எண்ணுவது சிரமம்.

அடுத்து, கண்ணுக்கு அடங்கும் அளவுக்கு ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்து, அதில் விரிந்திருக்கும் பூக்களை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். மொட்டும் வாடியதும் சேராது. ஆண் பூ, பெண் பூ தனித்தனியாக. பெண் பூவின் அடியில் குட்டிப் பாகற்காய் போலவே ஒரு பிஞ்சு இருக்கும், குழப்பமே வராது.

இப்போது 15 நிமிடம் எண்ண வேண்டும். எதை ‘வருகை’ என்று எடுத்துக்கொள்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பூச்சி பூவின் நடுவே மகரந்தத்தையோ சூலகமுடியையோ (பெண் பூவில் மகரந்தம் ஒட்டும் நுனி) தொட்டால் ஒரு வருகை. பக்கத்தில் பறந்தது, இதழ் ஓரத்தில் வெயில் காய்ந்தது எதுவும் சேராது. ஒரே தேனீ ஆறு பூவுக்குப் போனால் ஆறு வருகை. நாம் எண்ணுவது தேனீக்களை அல்ல. எறும்பை எழுதுங்கள், ஆனால் தனி வரியில். ஊர்ந்து வந்து தேன் குடித்துப் போகிற எறும்பால் மகரந்தம் அடுத்த பூவுக்குப் போவது குறைவு.

பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. கொசுத்தேனீ, சாதாரணத் தேனீ, பெரிய கருவண்டு, வண்ணத்துப்பூச்சி, ‘மற்றவை’ என்று கோடு போட்டால் போதும். உங்கள் நிழல் பூமேல் விழாமல் கொஞ்சம் தள்ளி உட்காருங்கள். யாருமே வரவில்லையா? சரி, 0 என்று எழுதுங்கள். அந்த 0-வை விட்டுவிட்டால் சராசரி பொய்யாக ஏறிவிடும்.

கணக்கு எளிது. வருகையைப் பூக்களின் எண்ணிக்கையால் வகுத்து, மறுபடி மணிநேரத்தால் வகுங்கள். 20 பூ, 15 நிமிடம், 10 வருகை என்றால் பூவுக்கு அரை வருகை, மணிக்கு 2. இதையே பெண் பூவுக்குத் தனியாகவும் போடுங்கள், காய் பிடிப்பதற்கு அந்த எண்தான் முக்கியம். வெயில், மேகம், காற்று என்று ஓரத்தில் ஒரு சொல். மழை நாளில் விட்டுவிடலாம்.

ஒரு நாள் எண்ணை வைத்து முடிவுக்கு வராதீர்கள். பல காலைகள் பார்த்தும் பெண் பூவில் 0 தான் என்றால், அன்று விரிந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களை நீக்கி, பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவிவிடுங்கள். பூ விரிந்திருக்கும் நேரத்தில் பூச்சிமருந்து மட்டும் அடிக்க வேண்டாம். வேப்பெண்ணெய்க் கரைசலாக இருந்தாலும் பூ சுருங்கிய பிறகுதான்.