சாட்சி கெட்டுப்போகும் இடங்கள்

"அவங்க சர்ச்சுக்குப் போறவங்கதானே?" என்று தெருவில் யாராவது கேட்டால், அந்தக் கேள்விக்குப் பின்னால் அநேகமாக ஒரு திரும்பாத கடன் இருக்கும், இல்லாவிட்டால் இழுத்தடித்த கூலி, வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வந்தவர்கள் பக்கத்து வீட்டு கேட்டை மறித்து நிறுத்திய பைக். வேத வசனத்தில் குறை கண்டு யாரும் இப்படிக் கேட்பதில்லை. சபையில் 'சாட்சியான வாழ்க்கை' என்று, அதாவது நம் நடத்தையே நம் விசுவாசத்துக்குச் சாட்சி என்று, எதைச் சொல்கிறோமோ, அது கெடுவதெல்லாம் இந்தச் சில்லறை இடங்களில்தான்.

பெரிய தவறு பண விஷயத்தில் நடக்கிறது. கடன் கொடுத்தவர் கேட்கும்போது "கர்த்தர் தருவார்" என்று பதில் சொல்வது விசுவாசம் அல்ல, தவணை தள்ளுவது. தவணை நாளுக்கு 2, 3 நாள் முன்பே நீங்களே போன் செய்யுங்கள். எவ்வளவு இப்போது முடியும், மீதி எந்தத் தேதியில் என்று சொல்லுங்கள். 10,000 ரூபாய்க்கு 1,000 ரூபாயாவது அன்றைக்கே கையில் கொடுங்கள். கூலிக்கு அந்தச் சலுகைகூடக் கிடையாது: பொழுதுபோகுமுன்னே கொடு என்கிறது உபாகமம் 24:15. மாதச் சம்பளத்துக்கு வேலை செய்யும் அக்காவை 1ஆம் தேதி வெறுங்கையோடு அனுப்பிவிட்டு 3ஆம் தேதி காணிக்கைக் கவர் போடுகிற வீடுகள் உண்டு. வரிசை மாற வேண்டும், அவ்வளவுதான்.

சொல்லும் அப்படித்தான். வர விருப்பமில்லாத இடத்துக்கு "கர்த்தருக்குச் சித்தமானால் வரேன்" என்பதும், உதவ மனமில்லாதபோது "ஜெபத்துல வச்சுக்கறேன்" என்பதும் நம் ஊர் வழக்கமாகிவிட்டது. உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லச் சொல்கிறது மத்தேயு 5:37. "வர முடியாதுங்க" என்றால் கூப்பிட்டவர் ஒரு சாப்பாடு குறைத்துச் சமைப்பார். இதற்குக் கூடப்பிறந்த இன்னொன்று, ஜெபக்குறிப்பு என்ற பெயரில் புறணி. ஒருவர் வீட்டுச் சங்கதியை சபை வாட்ஸ்அப் குழுவில் போடுமுன் அவரிடம் கேளுங்கள்; கேட்க முடியாவிட்டால் பெயரை விட்டுவிடுங்கள். ஜெபம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் பெயர் தெரியும்.

'உங்கள் வெளிச்சம் பிரகாசிக்கக்கடவது' என்ற மத்தேயு 5:16இல் பாதியை மட்டும் சொல்கிறவர்கள் அதிகம். நற்கிரியைகளைக் கண்டு மனுஷர் பரமபிதாவை மகிமைப்படுத்த வேண்டும் என்பதுதான் மற்றப் பாதி. அடுத்த அதிகாரமே, பிறர் காண வேண்டுமென்று தர்மம் செய்யாதே என்று தொடங்குகிறது. இரண்டையும் சேர்த்து வைத்தால் கேள்வி ஒன்றுதான்: பெயர் யாருக்குப் போகிறது? அரிசிப் பை வாங்குகிறவரின் முகத்தோடு படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைத்தால், கொடுத்தவருக்குப் பெயர், வாங்கியவருக்குக் கூச்சம். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு உதவுகிறீர்களா? நேரே பள்ளியில் கட்டிவிட்டு ரசீதை மட்டும் அந்த வீட்டில் கொடுங்கள்.

வாய் திறக்காமலேயே தப்பான முன்மாதிரி ஆகலாம் என்பதற்கு கலாத்தியர் 2ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். அந்தியோகியாவில் பேதுரு, யூதரல்லாத புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பந்தியை விட்டு விலகினார். அதைப் பார்த்து மற்ற யூதரும் விலகினார்கள். பவுலின் உடன் ஊழியர் பர்னபாகூட இழுபட்டுப் போனார். பவுல் அதை எல்லார் முன்னிலையிலும் முகத்துக்கு நேரே கண்டித்தார். தமிழ்ச் சபைக்கு இந்தப் பந்தி புதிதல்ல. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேற்றுமையை அடியோடு விட வேண்டும் என்று எழுதியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் எதிர்த்து நின்றார்கள். இன்று யாரும் மேடையில் சாதி பேசுவதில்லை. சபை விருந்தான அசனத்தில் எல்லாரும் ஒரே பந்தியில் உட்காருகிறோம். ஆனால் வேலை செய்யும் அக்காவுக்குத் தனி டம்ளர் எந்த அலமாரியில் இருக்கிறது, பெண் பார்க்கும்போது முதல் கேள்வி எது, கல்லறைத் தோட்டத்தில் யாருக்கு எந்த மூலை என்பதை வீட்டுப் பிள்ளைகள் ஓய்வுநாள் பள்ளிப் பாடத்தைவிடக் கவனமாகப் படிக்கிறார்கள். முதலில் அந்த டம்ளரை எல்லா டம்ளரோடும் சேர்த்து வையுங்கள்.

ஒலிபெருக்கி பற்றி ஒரு வரி போதும்: இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் போடக் கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதி, உபவாச ஜெபத்துக்கு விலக்கு இல்லை.

தவறே செய்யாதவர்போல நடிப்பதுதான் வீட்டுக்குள் நடக்கும் தவறு. பிள்ளையை விருந்தாளி முன் திட்டிவிட்டு, பிறகு தனியாக அறைக்குள் "சாரிடா" என்றால் கணக்கு நேராகாது. எவர் முன் திட்டினீர்களோ அவர் முன்பே மன்னிப்புக் கேளுங்கள். என்ன செய்தீர்கள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்; "ஆனா நீயும்..." என்று தொடராதீர்கள். பொருள் நஷ்டமானால் திருப்பிக் கொடுங்கள். லூக்கா 19இல் வரும் வரி வசூலிப்பவர் சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காக, தருகிறேன் என்றார். உடைந்த ஜியாமெட்ரி பாக்ஸுக்கு ஒன்று வாங்கித் தந்தாலே போதும், அன்று சாயங்காலத்துக்குள்.