ஜெல் நகம் போடுகிறவர்களுக்குக் கை வெடித்தால்: எக்சிமா என்ற தோல் அழற்சியோடு தொழிலைத் தொடரும் செய்முறை

சென்ற தீபாவளிக்கு மூன்று வாரங்களுக்கு முன்பு, வங்கி முகப்பில் மலேசிய அடையாள அட்டையான மைகார்டைக் கொடுத்துவிட்டுப் பெருவிரலைக் கருவியின் மீது வைத்தேன். நான்கு முறை அழுத்தியும் ரேகை பதியவில்லை. விரல் நுனித் தோல் பொரிந்து உரிந்து, அடியில் வழவழவென்று சிவந்து மின்னியது; அதன் நடுவே நகத்தை நோக்கி ஒரு வெடிப்பு ஓடியது. சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மாடியில் இரண்டு நாற்காலிகளோடு நகக்கடை நடத்தும் எனக்கு, அதற்கு ஏழெட்டு மாதங்களுக்கு முன்பிருந்தே கை அரித்துக்கொண்டுதான் இருந்தது. பால்மரம் வெட்டிய என் அம்மாவின் கைகளிலும் வெடிப்பு உண்டு என்பதால், உழைக்கிற கை அப்படித்தான் இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். அந்த அலட்சியத்தின் விலையைக் கொடுத்த பிறகு கற்றுக்கொண்டவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன். பேஸ் கோட் (அடிப்பூச்சு), டாப் கோட் (மேற்பூச்சு) பூசுவது எப்படி என்பதெல்லாம் இதைப் படிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

முதல் படி: எரிச்சலா, ஒவ்வாமையா என்று பாருங்கள்

நகப்பூச்சைக் கரைக்கும் அசிட்டோன், ஸ்பிரிட், சோப்பு, ஓயாத ஈரம் ஆகியவை தோலின் எண்ணெய்ப்பசையை உரித்துவிடுவதால் வருவது எரிச்சல் வகை. இது பெரும்பாலும் விரலிடுக்கிலும் புறங்கையிலும் மோதிரத்துக்கு அடியிலும் தொடங்கும். நான்கைந்து நாள் கடையை மூடினால் தணியத் தொடங்கும். ஒரு நாளில் 2 மணி நேரத்துக்கு மேல் கை ஈரத்திலோ காற்றுப்புகாத கையுறைக்குள்ளோ இருந்தாலும், 20 தடவைக்கு மேல் கழுவப்பட்டாலும், தொழில்சார் தோல் மருத்துவத்தில் அதை ஈர வேலை என்றே கணக்கிடுகிறார்கள். நம்மில் பலர் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அந்தக் கணக்கைத் தாண்டிவிடுகிறோம்.

ஒவ்வாமை வகை வேறு. உடம்பின் எதிர்ப்பாற்றல் ஒரு பொருளை ஒருமுறை எதிரியாகக் குறித்துவைத்துக்கொண்டால், பிறகு அது துளி பட்டாலும் தோல் கொதித்து எழும். அந்த நினைவு ஆயுளுக்கும் போகாது. விளக்கொளியில் இறுகும் நகப்பூச்சான ஜெல்லிலும், செயற்கை நகம் செய்யும் அக்ரிலிக்கிலும் உள்ள அக்ரிலேட், மெதாக்ரிலேட் சேர்மங்களே நம் தொழிலில் இதற்கு முதற்காரணம். அவற்றுள் பெயர்பெற்றது ஹெமா எனப்படும் ஹைட்ராக்சிஎத்தில் மெதாக்ரிலேட். இதில் ஏமாற்றும் விஷயம் என்னவென்றால், பட்டவுடனே ஒன்றும் தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் கிளம்பும். சனிக்கிழமை செய்த வேலைக்குத் திங்கட்கிழமை அரிக்கும்போது, ஞாயிறு ஆய்ந்த இறாலின் மீதும் பாத்திரம் கழுவிய சோப்பின் மீதும் நான் பழி போட்டுக்கொண்டிருந்தேன். வாடிக்கையாளரின் விரலைப் பிடிக்கும் கையில் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் நுனிகள் மட்டும் வெடித்தாலோ, இமையும் கழுத்தும் சேர்ந்து அரித்தாலோ ஒவ்வாமையைச் சந்தேகியுங்கள். இரண்டு வகையும் ஒரே கையில் சேர்ந்திருப்பதும் உண்டு, எனக்கு அப்படித்தான்.

இரண்டாம் படி: ஊகிக்காமல் ஒட்டுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்

அரசாங்கக் கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டி மருத்துவரைப் பார்த்து, தோல் நிபுணருக்குக் கடிதம் வாங்குவதுதான் நம் போன்றவர்களுக்கு மலிவான வழி. கடிதத்தோடு போனால் நிபுணருக்கும் செலவு குறைவு. எனக்கு முறை வர இரண்டரை மாதம் ஆயிற்று. காத்திருக்கும் நாளில் உங்கள் ஜெல் புட்டிகளின் மூலப்பொருள் பட்டியலைப் படமெடுத்து வையுங்கள். நகத் தொழில் செய்கிறேன் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பரிசோதனையில் அக்ரிலேட் பொருள்களின் வரிசையைச் சேர்க்காமல் பொதுவான வரிசையை மட்டும் ஒட்டிவிட வாய்ப்பிருக்கிறது.

சந்தேகப்படும் பொருள்கள் தடவிய சிறு சிறு வில்லைகளை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்து, அன்றும் அதற்கு இரண்டு நாள் கழித்தும் பார்ப்பார்கள். திங்கள் ஒட்டி, புதன் எடுத்து, வெள்ளி இறுதியாகப் பார்த்தார்கள். அதுவரை முதுகில் தண்ணீர் படக்கூடாது, வியர்க்கவும் கூடாது. நம் ஊர் வெயிலில் இது தவம்தான். முதுகில் ஸ்டீராய்டு களிம்பு பூசியிருந்தாலும் ஸ்டீராய்டு மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தாலும் பரிசோதனை பொய்த்துவிடும் என்பதால் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள். வீட்டிலேயே ஜெல்லை முழங்கை மடிப்பில் தடவிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்; தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், இல்லாத ஒவ்வாமையை நீங்களே வரவழைத்துக்கொள்வீர்கள்.

வெள்ளிக்கிழமை மிஸ்ஸி (தாதி) என் முதுகைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, ஹெமா போட்ட இடம் மட்டும் கொப்புளமே போட்டிருக்கு" என்றார்.

மூன்றாம் படி: பிசுக்கு அடுக்கைத் தொடாதீர்கள்

இந்தப் பதிவை எழுதத் தூண்டியதே இந்தப் படிதான். விளக்கிலிருந்து வெளியே வந்த ஜெல் காய்ந்துவிட்டது என்றுதான் நானும் பத்து ஆண்டுகளாக நினைத்தேன். உள்ளே இறுகியிருக்கும், ஆனால் மேலே விரலில் ஒட்டும் ஒரு பிசுக்கு இருக்கிறதல்லவா? காற்றிலுள்ள ஆக்சிஜன், ஜெல் இறுகும் வினையை மேற்பரப்பில் தடுத்துவிடுவதால், அங்கே மட்டும் இறுகாத மெதாக்ரிலேட் அப்படியே தங்கிவிடுகிறது. வாடிக்கையாளரின் விரலை இடது கையால் பிடித்துக்கொண்டு, ஸ்பிரிட் நனைத்த சிறு பஞ்சால் அந்தப் பிசுக்கைத் துடைப்போம். ஸ்பிரிட் அதைக் கரைத்து, பஞ்சின் வழியே நம் விரல் நுனிக்குக் கொண்டுவந்து சேர்க்கும். ஒரு ஆளுக்குப் பத்து விரல், ஒரு நாளைக்கு ஆறு ஆள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வெடிப்பு வந்த மூன்று விரல்களும் நான் பஞ்சையும் வாடிக்கையாளர் விரலையும் பிடிக்கும் அதே மூன்று விரல்கள் என்பது பரிசோதனைக்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது.

இப்போது பஞ்சைக் கையால் எடுப்பதே இல்லை. நீளமான இடுக்கியால் பிடித்துத் துடைத்து, ஒரு விரலுக்கு ஒரு துண்டு என்று மாற்றி, மூடியுள்ள தொட்டியில் போட்டுவிடுகிறேன். பிசுக்கே விடாத டாப் கோட் கிடைக்கிறது. எனக்கு அதன் பளபளப்பு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, ஆனால் கை பிழைத்தால் போதும் என்று மாறிவிட்டேன். தூரிகையின் காம்பு, புட்டியின் கழுத்து, விளக்கின் பொத்தான், கைப்பேசித் திரை என்று ஜெல் பட்ட கை தொட்ட இடமெல்லாம் அதே பிசுக்குதான். என் இமை அரித்ததற்குக் காரணம் கைப்பேசியாக இருக்கலாம் என்று நிபுணர் சொன்னபோது முதலில் நம்பவில்லை; மறுநாள் திரையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன், கோடு கோடாக ஜெல் காய்ந்திருந்தது.

நான்காம் படி: கையுறை

உலகத்துக்கே கையுறை செய்து அனுப்பும் நாட்டில், அம்மா வெட்டிய பாலின் வழிவந்த லேடெக்ஸ் கையுறையைப் போட்டுக்கொண்டு நான் பாதுகாப்பாக இருப்பதாக நினைத்திருந்தேன். மெதாக்ரிலேட் அதைச் சில நிமிடங்களில் ஊடுருவிவிடும். வினைல் கையுறையும் அப்படியே. ஒன்றுமில்லாததைவிட மோசம் என்றே சொல்வேன், ஏனென்றால் உள்ளே போன ஜெல் வியர்வையோடு சேர்ந்து தோலின் மீதே பொத்திவைக்கப்படுகிறது.

செயற்கை ரப்பரால் ஆன நைட்ரைல் கையுறை பரவாயில்லை, ஆனால் மெல்லியது வேண்டாம். சந்தையில் 100 எண்ணிக்கைப் பெட்டி மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காமல், கொஞ்சம் கனமானதை வாங்கி இரண்டாகப் போடுங்கள். ஜெல் பட்டால் அந்த நொடியே மேலுறையைக் கழற்றுங்கள். படாவிட்டாலும் அரை மணிக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஒவ்வாமை உறுதியானவர்களுக்கு நைட்ரைல் மட்டும் போதாது. பல அடுக்குப் பிளாஸ்டிக் ஏட்டில் செய்த ஃபோர் எச் என்ற கையுறை மணிக்கணக்கில் தாங்கும். ஆனால் அது தளதளவென்று பை போல் தொங்கும், அதைப் போட்டுக்கொண்டு கோடு வரைய முடியாது. அதன் விரல் பகுதிகளை மட்டும் வெட்டி, மூன்று விரல்களில் உறை போல் மாட்டி, மேலே நைட்ரைல் போட்டுக்கொள்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவருகிறது. நான் இப்போது செய்வதும் இதுவே. அசிட்டோனுக்கு நைட்ரைல் ஒன்றுமே இல்லை. ஜெல்லை அகற்ற அதில் ஊறவைத்த பஞ்சையும் தாளையும் பிரிக்கும்போது இடுக்கியையே நம்புங்கள்.

ஐந்தாம் படி: விளக்கும் பூச்சும்

விளக்கின் மீது 48 வாட் என்று அச்சடித்திருப்பது அது இழுக்கும் மின்சாரத்தின் அளவே தவிர, நகத்தில் விழும் ஒளியின் அளவு அல்ல. ஒரு நிறுவனத்தின் ஜெல்லை இன்னொன்றின் விளக்கில் வைத்தால் மேலே கெட்டியாகவும் உள்ளே இறுகாமல் பச்சையாகவும் இருக்கலாம். அந்தப் பச்சை ஜெல்தான் பின்பு அராவும்போது தூளாகப் பறக்கும். ஒரே நிறுவனத்தின் ஜெல்லும் விளக்குமாக வாங்குங்கள், தடிமனாகப் பூசாதீர்கள், நகத்தடித் தோலிலிருந்து மயிரிழை இடம் விடுங்கள். தோலில் வழிந்தால் விளக்குக்குள் வைப்பதற்கு முன்பே துடைத்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 முதல் ஹெமா கலந்த நகப்பூச்சு தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டுமே என்று எச்சரிக்கை அச்சிட வேண்டும். ஹெமா இல்லாதது என்று எழுதியிருப்பதை நம்பி மட்டும் வாங்காதீர்கள், அதற்குப் பதிலாக வேறொரு மெதாக்ரிலேட் உள்ளே இருக்கலாம்.

தூள் உறிஞ்சி வாங்குங்கள், முகமூடி போடுங்கள், முழுக்கை அணியுங்கள். இதில் விவாதத்துக்கு இடமில்லை.

ஆறாம் படி: தோலைத் தேற்றுதல்

மருத்துவர் எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டு களிம்பை, பயந்துபோய்ப் பட்டும் படாமலும் தடவுவதால்தான் பலருக்குக் குணமாவதில்லை. விரலின் கடைசி ரேகையிலிருந்து நுனி வரை பிதுக்கினால் வருவது ஏறத்தாழ அரை கிராம். அது ஒரு கையின் இரு பக்கத்துக்கும் போதும். சொன்ன நாள் வரை பூசுங்கள், சொன்ன நாளுக்கு மேல் நீட்டாதீர்கள். மளிகைக் கடையில் கிடைக்கும், எதற்கும் போடலாம் என்று விற்கும் கலப்புக் களிம்பைத் தொடாதீர்கள்.

ஈரப்பதம் காக்க நான் நம்புவது வாசனையில்லாத வெள்ளை வாசலின் ஒன்றைத்தான். விலை குறைவு, பதப்படுத்தும் ரசாயனமும் இல்லை. இரவில் தடவி, பருத்திக் கையுறை போட்டுப் படுக்கிறேன். யூரியா கலந்த களிம்பு தடித்த தோலுக்கு நல்லது என்றாலும், திறந்த வெடிப்பில் பட்டால் மிளகாய் அரைத்துப் பூசியது போல் எரியும். வெடிப்பில்லாத தோலுக்கு, வாடிக்கையாளருக்கு வாடிக்கையாளர் சோப்புப் போட்டுக் கழுவுவதைவிட, கிளிசரின் கலந்த ஸ்பிரிட் கைத்தேய்ப்பு குறைவான கேடுதான். நானே நம்ப மறுத்த செய்தி இது. ஆனால் ஜெல் பட்ட கையை ஸ்பிரிட்டால் தேய்க்காதீர்கள், அதைச் சோப்பும் தண்ணீரும் கொண்டே கழுவுங்கள்.

பின்சேர்க்கை

இந்தப் பதிவு வெளிவந்த பின் வந்த கேள்விகளில் மூன்றுக்கு இங்கேயே பதில் சேர்க்கிறேன்.

கிளினிக்கில் கொடுத்த அக்வஸ் கிரீம் தடவினால் எரிகிறது என்று தைப்பிங்கிலிருந்து ஒரு தங்கை எழுதியிருந்தார். அதில் சோப்பில் இருப்பது போன்ற ஒரு பொருள் கலந்திருப்பது வழக்கம். அதைச் சோப்புக்குப் பதிலாகக் கை கழுவப் பயன்படுத்துங்கள். தடவி அப்படியே விட்டுவைக்க வேண்டாம்.

வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் போடலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். என் அம்மாவும் அம்மியோடு வந்து நின்றார். வெடித்த தோலில் எதை அரைத்துப் போட்டாலும் அது இன்னோர் உரசல்தான் என்பதால் நான் மறுத்துவிட்டேன். ஜெல்லைக் குறைத்துக்கொண்டு மருதாணிக்கு மாறுகிறவர்கள், கறுப்பு மருதாணி எனப்படும் கூம்புகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதில் கலக்கும் தலைமுடிச் சாய ரசாயனம் தனி ஒவ்வாமையைக் கொண்டுவரும்.

மூன்றாவதை நான் முன்பே எழுதியிருக்க வேண்டும். அக்ரிலேட் ஒவ்வாமை உறுதியானால் பல் மருத்துவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். பல் அடைக்கும் பசையிலும் எலும்பு அறுவைச் சிகிச்சைச் சிமெண்டிலும் இதே குடும்பத்துப் பொருள்கள் இருக்கின்றன. சர்க்கரை அளவைப் பார்க்கக் கையில் ஒட்டும் சில கருவிகளின் பசையிலும் உண்டு. எனக்கு ஒவ்வாமை காட்டிய பொருள்களின் பெயர்களை எழுதிய தாளைப் படமெடுத்து, மைகார்டோடு பணப்பையில் ஒரு நகலும் வைத்திருக்கிறேன்.