ஒரே நேரத்தில் பழுத்துக் குவியும் பலாவுக்குச் சக்கை வரட்டி

ஆனி, ஆடியில் பலா மரம் வைத்திருக்கும் எல்லார் வீட்டிலும் ஒரே பாடுதான். ஒரு பழம் தீர்வதற்குள் அடுத்தது மணக்க ஆரம்பித்துவிடும். பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம் என்றால் அங்கேயும் மரம் நிற்கிறது. எங்கள் குமரி மாவட்டத்தில் இதற்குத் தலைமுறை தலைமுறையாக இருக்கும் வழி சக்கை வரட்டி. சக்கை என்றால் எங்கள் ஊரில் பலா; அதன் சுளையை வெல்லமும் நெய்யும் சேர்த்துக் கெட்டியாக வற்றக் கிளறுவதுதான் வரட்டி. பத்துக் கிலோ பழம் இரண்டு பாட்டிலுக்குள் அடங்கிவிடும்.

தேவையானவை: கொட்டை நீக்கிய சுளை 2 கிலோ, வெல்லம் 1 கிலோ (பழம் நல்ல இனிப்பென்றால் 800 கிராம்), நெய் 200 கிராம், சுக்குப்பொடி 1 டீஸ்பூன், ஏலக்காய் 10, ஒரு சிட்டிகை உப்பு. வெல்லத்தை வாங்கும்போதே வாயில் போட்டுப் பாருங்கள். உப்புக் கரித்தால் வேண்டாம்.

1. பழம் வெட்டுவது உங்களுக்குத் தெரிந்ததே. கையிலும் கத்தியிலும் தேங்காய் எண்ணெய், அவ்வளவுதான்.

2. சுளையை நறுக்கி, அரை டம்ளர் தண்ணீர் விட்டு குக்கரில் நன்றாகக் குழைய வேகவையுங்கள். வெல்லம் சேர்ந்தபிறகு சுளை மேற்கொண்டு மெத்தென்று வேகாது. அதனால் வேக வேண்டியதெல்லாம் இங்கேயே வெந்துவிட வேண்டும். ஆறியதும் தண்ணீர் சேர்க்காமல் மிக்ஸியில் அரையுங்கள்.

3. விழுதை மட்டும் உருளியில் (வாய் அகன்ற கனமான பாத்திரம்) போட்டுக் கிளறுங்கள். சட்டுவத்தால் கோடு இழுத்தால் அடிப்பக்கம் ஒரு நொடி தெரிந்து மூடிக்கொள்ளும். அதுவரை வெல்லம் வேண்டாம்.

4. பலர் தடுமாறும் இடம் இதுதான். வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டி ஊற்றியதும், அவ்வளவு நேரம் கெட்டியானது மறுபடி கூழாகிவிடும். கெட்டுப்போயிற்று என்று நினைத்துத் தீயைக் கூட்டாதீர்கள். கூட்டினால் அடியில் வெல்லம் கருகி, மொத்தத்துக்கும் கசப்பு ஏறும். தீ சிறிதாகவே இருக்கட்டும். கொஞ்ச நேரத்தில் கொப்புளம் வெடித்துக் கையில் தெறிக்கும், சூடு பொல்லாதது. நீளக் காம்புச் சட்டுவமும், முழங்கை வரை சுற்றிய துண்டும் கட்டாயம். குழந்தைகளை அடுக்களைக்குள் விடாதீர்கள். மஞ்சள் நிறம் மெல்ல மெல்ல அரக்காக மாறும். அடி பிடிக்கிற மாதிரி தெரியும்போதெல்லாம் ஒரு ஸ்பூன் நெய் விடுங்கள். எல்லா நெய்யையும் ஒரேயடியாகக் கொட்ட வேண்டாம்.

5. தெறிப்பது நின்று, உருண்டு திரண்டு ஓரம் விட்டு வரும், நெய் கசியும். ஒரு துளியை ஆறவைத்து உருட்டினால் கையில் ஒட்டக் கூடாது. சுக்கு, ஏலக்காய், உப்பு சேர்த்து இறக்குங்கள்.

பாத்திரம் பற்றி: வெண்கல உருளிதான் என் தேர்வு. சூடு சீராகப் பரவும், அகலமாக இருப்பதால் தண்ணீர் சீக்கிரம் வற்றும். இல்லாவிட்டால் அடி கனத்த அலுமினியச் சட்டி. இண்டக்ஷன் அடுப்பில் நடுப்பகுதி மட்டும் காய்கிறது, இந்த வேலைக்கு ஆகாது.

பின்சேர்க்கை: இதைப் பார்த்துச் செய்தவர்கள் சொன்னவை. சுளை குழைவாக இருக்கும் கூழன் வகைப் பழத்தில் நார் அதிகம். அரைத்ததும் கண்ணகலச் சல்லடையில் தேய்த்து எடுங்கள். சுளை கெட்டியாக இருக்கும் வருக்கை வகையில் இந்தத் தொல்லை இல்லை. சிலருக்கு மேலே பூஞ்சை பிடித்திருக்கிறது. ஈரம் வற்றுமுன் இறக்கியிருப்பார்கள், அல்லது ஈரக் கரண்டி போட்டிருப்பார்கள். பூஞ்சையை வழித்துவிட்டுச் சாப்பிடாதீர்கள், முழுவதையும் கொட்டிவிடுங்கள். சரியாக வற்றியதை முழுக்க ஆறவிட்டு, உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து பிரிட்ஜில் வைத்தால் அடுத்த சீசன் வரை வரும். வேண்டும்போது தேங்காய்ப் பாலில் கரைத்தால் பிரதமன் என்ற பாயசம். தேங்காய்த் துருவலோடு பிசைந்து வைத்தால் இலை அடைக்குப் பூரணம்.

கொட்டையை எறிந்துவிடாதீர்கள். கழுவி நிழலில் உலர்த்தி வையுங்கள், அவியலுக்கும் சாம்பாருக்கும் ஆகும்.