கடலை மாவுப் பொட்டலமும் லிகூரியப் பயணமும்

இத்தாலியின் வடமேற்குக் கரையில் இருக்கிறது லிகூரியா. அங்கே பெயர்பெற்ற பண்டம் ஒன்றை மலேசியாவின் சுங்கை சிப்புட் வீட்டு அடுப்பங்கரையிலேயே சுடலாம். பஜ்ஜிக்கு வாங்கி வைத்த கடலை மாவு போதும். அதன் பெயர் ஃபரினாத்தா. லிகூரியாவின் தலைநகரான ஜெனோவாக்காரர் பேச்சில் ஃபைனா. கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, இவ்வளவுதான். முட்டை, பால், கோதுமை எதுவும் கிடையாது. பொருள் குறைவு என்பதால் அளவோ சூடோ பிசகினால் வாயில் வைத்ததும் தெரிந்துவிடும். லிகூரியாவுக்குப் போக எண்ணமிருந்தால் முதலில் இதை வீட்டில் நான்கைந்து முறை சுட்டுப் பாருங்கள். அங்கே போய்த் தின்னும்போது எது நல்லது, எது ஆறிப்போனது என்று நாக்கே சொல்லிவிடும்.

மாவிலிருந்து தொடங்குவோம். லிகூரியாவில் அரைப்பது வெள்ளைக் கொண்டைக்கடலை. நம் மளிகைக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் கடலைப் பருப்பு மாவு, அதாவது தோல் நீக்கிய கறுப்புக் கடலை. இரண்டும் ஒரே செடியின் இரு வகைகள், ஆகவே இதிலும் நன்றாக வரும். பொட்டலத்தின் பின்பக்கத்தை மட்டும் படித்துவிடுங்கள்; மஞ்சள் பட்டாணி கலந்திருந்தால் வேறு கடை பாருங்கள். அசல் சுவைதான் வேண்டும் என்றால் வெள்ளைக் கொண்டைக்கடலையை நன்றாகக் காயவைத்து மில்லில் கொடுத்து அரைத்துச் சலிக்கலாம். மிளகாயோ மசாலாவோ அரைத்த கையோடு உங்கள் கடலையைப் போட விடாதீர்கள். அந்த நெடி மாவில் ஏறினால் போகாது.

30 செண்டிமீட்டர் அகலமுள்ள வட்டத் தட்டுக்கு 150 கிராம் மாவு, 450 மில்லி லிட்டர் தண்ணீர், 5 கிராம் உப்பு, 50 மில்லி லிட்டர் ஆலிவ் எண்ணெய். மாவுக்கு மூன்று பங்கு தண்ணீர் என்று நினைவில் வைத்தால் எந்தத் தட்டுக்கும் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாதீர்கள். முதலில் ஒரு பங்கை விட்டுக் கட்டியில்லாமல் குழைத்து, பிறகு மீதியைச் சேருங்கள். கரைசல் மோர் போல ஓடும். தோசை மாவுப் பதத்துக்குப் பழகிய கைக்கு இது மிகவும் நீர்த்ததாகத் தோன்றும். பயந்து மாவைக் கூட்டினால் கடைசியில் கிடைப்பது வறண்ட ரொட்டிதான்.

இனி ஊறவைப்பது. ஜெனோவாவில் குறைந்தது 4 மணி நேரம், பல வீடுகளில் இரவு முழுக்க வெளியிலேயே வைப்பார்கள். அதை இங்கே அப்படியே செய்யக்கூடாது. இட்லி மாவு எத்தனை மணியில் பொங்குகிறது என்று உங்களுக்கே தெரியும்; நம் வெக்கையில் கடலைக் கரைசலும் அதே வேகத்தில் புளிக்கும். 2 மணி நேரம் வெளியே வைத்து, பிறகு குளிர்பெட்டியில் 4 முதல் 8 மணி நேரம் வையுங்கள். மாவு தண்ணீரை முழுக்க உறிஞ்சினால்தான் பச்சை வாடை போகும், நடுப்பகுதி கூழ் போல மென்மையாக வேகும். மேலே வெள்ளை நுரை கட்டியிருக்கும். அதைக் கரண்டியால் முழுக்க எடுத்துவிடுங்கள். விட்டால் சூட்டில் கருகிக் கசக்கும். கரைசலைத் தட்டில் ஊற்றுவதற்குச் சற்று முன் உப்பைப் போட்டு அடிவரை கலக்குங்கள், கனமான மாவு கீழே படிந்திருக்கும்.

அங்கே சுடுவது வெள்ளீயம் பூசிய அகலமான செம்புத் தட்டில், விறகடுப்பில், 300 பாகை செல்சியஸை ஒட்டிய சூட்டில். நம் மேசை அவன் அடுப்பு பெரும்பாலும் 250 பாகையோடு நின்றுவிடும். அந்தக் குறையைத் தட்டை முன்கூட்டியே காயவைத்து ஈடுகட்ட வேண்டும். கனமான இரும்புத் தட்டை வெறுமனே 25 நிமிடம் முழுச் சூட்டில் வையுங்கள். வெளியே எடுத்து எண்ணெயை ஊற்றிச் சுழற்றி, உடனே கரைசலைக் கரண்டியின் முதுகில் விழும்படி ஊற்றுங்கள். மரக்கரண்டியால் இரண்டு சுற்று மெதுவாகக் கலக்கினால் எண்ணெய் பொட்டுப் பொட்டாக மேலே மிதக்கும். மேற்புறத்தைப் பொன்னிறமாக்குவது அந்த எண்ணெய்தான். கீழ்த்தட்டில் 10 நிமிடம், மேல்தட்டில் 8 முதல் 10 நிமிடம். விளிம்பு தட்டை விட்டு விலகி, மேலே கொப்புளம் எழுந்து பழுப்புப் புள்ளி விழுந்தால் ஆயிற்று. 3 நிமிடம் ஆறவிட்டு, மிளகுத்தூளைத் தாராளமாகத் தூவிச் சூடாகவே தின்ன வேண்டும்.

ஒட்டிக்கொண்டால் தட்டு காயவில்லை. ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் முறுகினால் அவன் அடுப்பு சமமான இடத்தில் இல்லை. அடுத்த முறை தட்டில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். மேல் வெளிறி, உள்ளே களியாக இருந்தால் கரைசலை அதிகம் ஊற்றியிருக்கிறீர்கள். வெந்தபின் தடிமன் 1 செண்டிமீட்டருக்குக் குறைவாக இருக்க வேண்டும். எண்ணெயைக் குறைத்துச் சுடுபவர்கள் உண்டு. அது வேறு பண்டம் என்பதே எங்கள் எண்ணம்.

அவன் அடுப்பு இல்லாத வீட்டில் மலாய்க்காரர்களின் பாவுலு கேக் சுடும் முறை கைகொடுக்கும். கீழே கொஞ்சம் கரி, மூடியின் மேல் நிறையத் தணல். தோசைக்கல்லில் வார்த்தால் அடி மட்டும் வெந்து மேல் ஈரமாக நிற்கும்; திருப்பிப் போட்டால் அது நம் வீட்டுக் கடலை மாவுத் தோசை, ஃபரினாத்தா ஆகாது.

1284இல் மெலோரியா கடற்போரில் ஜெனோவா பீசாவை வென்றது. திரும்பும் வழியில் புயலில் கப்பலிலிருந்த கடலையும் எண்ணெயும் கடல்நீரில் கலந்து, வெயிலில் காய்ந்து இந்தப் பண்டம் பிறந்தது என்று அங்கே கதை சொல்வார்கள். அது வெறும் கதையாகவே இருக்கலாம். ஆனால் கப்பலேறியது உண்மை: பிழைப்புத் தேடிப் போன ஜெனோவாக்காரர்கள் அதைப் புவெனஸ் ஐரிஸுக்கும் மொந்தேவிதேயோவுக்கும் கொண்டுபோனார்கள், இன்றும் அங்கே ஃபைனா என்ற பெயரில் பீட்சாவோடு சேர்த்துத் தின்கிறார்கள். ரப்பர் தோட்டத்துக்கு வந்தவர்களோடு அம்மியும் இட்லிச் சட்டியும் வந்த கதையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அதே மாவை 1 லிட்டர் தண்ணீருக்கு 300 கிராம் என்று கரைத்து, சிறு தீயில் முக்கால் மணி நேரம் விடாமல் கிண்டி, தட்டில் ஊற்றி ஆறவைத்தால் பனிஸ்ஸா. துண்டு போட்டுப் பொரிக்கலாம், எலுமிச்சையும் வெங்காயத் தாளும் சேர்த்து அப்படியேயும் தின்னலாம்.

பேசில் இலையை அரைத்துப் பாஸ்தாவில் கலக்கும் பெஸ்தோவுக்கு வருவோம், இங்கே பலர் தடுமாறுவது இலையில். வீட்டு முற்றத்துத் துளசி வேறு செடி, அது ஆகாது. திருநீற்றுப்பச்சிலை இனத்தால் நெருக்கம்தான், ஆனால் அதன் சோம்பு வாடை எல்லாவற்றையும் அமுக்கிவிடும். ஜெனோவா வகை பேசில் விதையைத் தொட்டியில் போட்டு, உச்சி வெயில் படாத இடத்தில் வளர்த்து, செடி ஒரு சாண் உயரம் வருமுன் பறித்துவிடுங்கள். முற்றினால் இலை தடித்துப் புதினா வாடை அடிக்கும். ஜெனோவாவின் பிரா வட்டாரத்திலும் இளஞ்செடியாகத்தான் பிடுங்குகிறார்கள். 50 கிராம் இலைக்கு ஒரு மேசைக்கரண்டி பைன் பருப்பு, ஒரு பல் பூண்டு, சில கல் உப்பு, துருவிய பார்மிஜானோ சீஸ் 6 மேசைக்கரண்டி, பெக்கொரினோ என்ற செம்மறியாட்டுப் பால் சீஸ் 2 மேசைக்கரண்டி, எண்ணெய் 80 மில்லி லிட்டர். கல் உரலில் முதலில் பூண்டும் பருப்பும், பிறகு உப்போடு இலை, கடைசியில் சீஸும் எண்ணெயும். இலையைக் குத்தாமல் உரல் சுவரோடு சேர்த்துத் தேயுங்கள். மின் அரைப்பானில் போட்டால் பிளேடு சூடேறி இலை கறுக்கும். அரைத்ததை அடுப்பில் வைக்கவே கூடாது. பாஸ்தா வெந்த நீரில் இரண்டு கரண்டி விட்டுத் தளர்த்தினால் போதும்.

சைவம் உண்பவர்களும் மாட்டிறைச்சி தொடாதவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பார்மிஜானோ ரெஜ்ஜானோ உறைவது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டால். அது விதிப்படியான செய்முறை, விலக்கே இல்லை. வீட்டில் தாவர ரென்னெட் என்று அச்சிட்ட வேறு சீஸைப் பயன்படுத்தலாம். பயணத்தில் பெஸ்தோவைத் தவிர்ப்பதா என்பதைக் கிளம்புமுன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். ஃபரினாத்தாவில் அந்தக் கவலை இல்லை. ஆனால் சில கடைகளில் பொடிமீன் தூவிச் சுடுவார்கள். "சே பெஷ்ஷே?" என்றால் மீன் இருக்கிறதா, "சே கார்னே?" என்றால் இறைச்சி இருக்கிறதா என்று பொருள்.

எந்த மாதம் போவது? மே மாதமே எங்கள் தேர்வு. முதல் தேதி தொழிலாளர் தினம் அங்கேயும் விடுமுறை. குடும்பத்தோடு வெளியே போய்ப் பச்சை ஃபாவா மொச்சையை உரித்து, பெக்கொரினோவோ சலாமியோ சேர்த்துத் தின்பார்கள். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்கள் அந்த மொச்சையை வாயில் வைக்கவே கூடாது. இரத்தச் சிவப்பணுக்கள் சிதையும். மலேசிய மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளுக்கு அந்தச் சோதனை செய்வதால் பிள்ளைகளின் பதிவேட்டைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மே இரண்டாம் ஞாயிறு கமோல்யியில் மீன் திருவிழா, 1952 முதல் நடப்பது. மீட்டர் கணக்கில் அகலமான வாணலியில் மீன் பொரிப்பார்கள்.

ஜூன், ஜூலையில் மொந்தெரொஸ்ஸோவில் நெத்திலி இனத்து மீனை உப்பிலிடுவார்கள். சுவைக்க நல்ல காலம், கூட்டம் தாங்காது. ஆகஸ்ட் வேண்டாம்: வெயில், விலையேற்றம், 15ஆம் தேதியை ஒட்டி உள்ளூர்க் கடைகள் பலவும் அடைப்பு. செப்டம்பரில் சிங்குவே தெர்ரே எனும் ஐந்து கரையோர ஊர்களில் திராட்சை அறுவடை. தீபாவளி விடுப்பில் போவோருக்குச் செஸ்நட், காளான், புது ஆலிவ் எண்ணெய் எல்லாம் கிடைக்கும். ஆனால் மழைதான் அபாயம். 2011 அக்டோபர் 25 அன்று கொட்டிய மழையில் வெர்னாட்ஸாவும் மொந்தெரொஸ்ஸோவும் சேற்றில் புதைந்தன. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை அறிவிப்பார்கள். அப்போது நடைபாதைகள் மூடப்படலாம், மீறிப் போகாதீர்கள்.

ஆண்டிறுதியில் பந்தோல்ச்சே கேக்கின் காலம். வீட்டின் இளையவர் அதில் செருகிய பே லாரல் இலைக் கொத்தை எடுக்க, மூத்தவர் வெட்டுவார்; ஒரு துண்டைக் கதவு தட்டும் ஏழைக்கென்று ஒதுக்குவார்கள்.

மலேசியக் கடப்பிதழுக்கு 180 நாளில் 90 நாள் வரை விசா தேவையில்லை. மிலானில் இறங்கினால் ஜெனோவாவுக்கு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள். சிங்குவே தெர்ரேயின் ஐந்து ஊர்களுக்கும் லா ஸ்பெட்ஸியாவிலிருந்தும் லெவாந்தோவிலிருந்தும் ரயில் உண்டு. காகித டிக்கெட்டை ஏறுமுன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரையிடத் தவறினால் அபராதம். அவற்றுள் ஒன்றான கொர்னீலியாவில் நிலையத்திலிருந்து ஊருக்கு 370க்கும் மேற்பட்ட படிகள். முதியவர்களைக் கூட்டிப் போனால் பேருந்துக்குக் காத்திருங்கள். மலைப்பாதையில் ஜப்பான் சிலிப்பரோடு நடக்காதீர்கள், பிடிப்புள்ள காலணி வேண்டும். நெய், பால்கோவா, இறைச்சி எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால், இறைச்சிப் பொருள்களுக்குத் தடை, சுங்கத்தில் பறித்துவிடுவார்கள். திரும்பும்போது எண்ணெய் வாங்கினால் தஜ்ஜாஸ்கா ஆலிவ் என்று அச்சிட்ட, அறுவடை ஆண்டு தெரியும் கறுத்த போத்தலாகப் பாருங்கள். துணியில் சுற்றிப் பதிவுப் பெட்டிக்குள் வையுங்கள், வீட்டில் அடுப்புக்குத் தள்ளி, வெளிச்சம் படாத அலமாரியில்.